ஊர்காவற்றுறையில் என் மனுசனைத் தேடிய கதை

கலியாணமாகி மூன்று கிழமையில், ஊர்காவற்றுறையில், நான் யாரோ ஒரு ஆளின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்து அவருடைய வீட்டு வளவுக்குள் போய்விட்டேன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு மாசி மாதம். ஆடிக் கலவரம் வருவதற்கு இன்னும் மாதங்கள் இருந்தன. கடலில் பொழுதுபோக்காகப் போய்வரலாம் என்று ஆட்கள் நினைத்த காலம் அது. என் மனுசனுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் வேலை. கந்தோர்க்காரர் எல்லோரும் சேர்ந்து, குடும்பங்களோடு தீவுகளைச் சுற்றிப் பார்க்க ஒரு லாஞ்சியை வாடகைக்குப் பிடித்தார்கள். முதலில் ஊர்காவற்றுறை, பிறகு நயினாதீவு, பிறகு காட்டுக் குதிரைகள் திரியும் நெடுந்தீவு, பொழுதுபடத் திரும்புவது என்று ஏற்பாடு. புதுப்பெண் என்று என்னையும் கட்டாயம் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள்.

நான் கோப்பாயில் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். எங்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறு. பண்ணைப் பாலத்தில் பஸ்ஸில் போகும்போது கடலைப் பார்த்ததோடு சரி. மனுசனைப் பற்றித் தெரிந்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அவர் கொடிகாமத்துக்காரர். கோயிலில் பெண்பார்க்க வந்தபோது நான் நிமிரவில்லை. மணவறையில் ஓமப்புகை. கலியாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டோடு வந்து இருந்தாலும் காலையில் போய்ப் பொழுதுபட்டுத்தான் வருவார். வந்தால் அப்பாவோடு வெங்காய விலையைப் பற்றிக் கதைப்பார், பேப்பர் பார்ப்பார், சாப்பிடுவார். நேராக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. வெட்கம் என்று சொன்னார்கள். எனக்கு அது பயமா, வெட்கமா, வேறு ஏதாவதா என்று பிடிபடவில்லை.

பண்ணைக் கரையில் லாஞ்சி ஏறினோம். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். மற்றப் பெண்கள் பாட்டுப் பாடினார்கள். எனக்குத் தலை சுற்றியது. குருநகர்த் தண்டையல் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, கடலோடு கதைப்பவரைப் போல ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஊர்காவற்றுறை வருகிறது என்று ஆட்கள் காட்டியபோது முன்னால் மூன்று கரைகள் தெரிந்தன. எது தீவு, எது நாங்கள் விட்டு வந்த பக்கம் என்று விளங்கவில்லை. போதாததற்கு நடுத் தண்ணீரில் ஒரு கோட்டை தனியாக நின்றது. அதுதான் ஊர்காவற்றுறையாக்கும் என்று நினைத்தேன்.

இறங்கும்போது தண்டையல் உரத்துச் சொன்னார்: "ஊரைச் சுத்திப் பாத்திட்டுக் கெதியா வாங்கோ. தண்ணி வத்தினால் லாஞ்சி தட்டும். நான் ஊதுவன். ஊதினவுடனை வந்திட வேணும்."

இறங்குதுறையில் சனம். மீன் கூடைகள், சைக்கிள்கள், சீமெந்து மூட்டைகள், வேறு வள்ளங்களால் இறங்கியவர்கள். என் மனுசன் முன்னால் நடந்தார். நான் நாலடி பின்னால். அந்தக் காலத்தில் புதுத் தம்பதிகள் அப்படித்தான் நடப்பார்கள். வெள்ளைச் சேட்டு, கறுப்புக் காற்சட்டை, கையில் மடித்த குடை. அந்த முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மாதா கோயில் வந்தது, கடந்தோம். பழைய பெரிய கட்டிடம் ஒன்று வந்தது, சுவர் முழுக்கப் பாசி. ஒரு வெளியில் பாதி கட்டிய வள்ளம் ஒன்று விலா எலும்புகள் தெரிய நின்றது. நின்று பார்க்க ஆசையாக இருந்தது. அவர் நிற்கவில்லை. கந்தோர்க்காரர் ஒருவரையும் காணவில்லை. எங்கே கூட்டிக்கொண்டு போகிறார் என்று யோசித்தேன். கேட்கலாம்தான். கேட்டால் என்ன நினைப்பாரோ.

ஒரு ஒழுங்கைக்குள் திரும்பினார், நானும் திரும்பினேன். ஒரு படலையைத் திறந்தார், நானும் உள்ளே போனேன். படலையைச் சாத்தத் திரும்பியவர் என்னைக் கண்டு திடுக்கிட்டு நின்றார். அதே வெள்ளைச் சேட்டு, முப்பது முப்பத்தைந்து வயது, சுருட்டை முடி, கழுத்தில் சின்னச் சிலுவை. நான் வாழ்க்கையில் காணாத ஆள்.

"ஆரைப் பாக்கிறியள்?" என்றார்.

விறாந்தையில் தையல் மெஷின் சத்தம் நின்றது. அங்கே, பிள்ளைகள் கோயிலில் புதுநன்மை எடுக்கும்போது போடும் வெள்ளைச் சட்டையொன்றைத் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழும்பி வந்தார். அந்த ஆளின் அக்கா. என் கழுத்தில் கிடந்த புதுத் தாலிக்கொடியைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"ஆரடா உவ?"

"எனக்குத் தெரியாதக்கா. மாதாவாணை தெரியாது. படலையடியிலை திரும்பினன், பின்னாலை நிக்கிறா."

"தெரியாத பெட்டை உனக்குப் பின்னாலை ஏன் வாறாள்?"

பாவம், அந்த மனிதருக்குக் கலியாணம் ஆகவில்லை என்று பிறகுதான் அறிந்தேன். முகம் வெளிறிப்போய் நின்றார். நான் அழத் தொடங்கினேன். அழுதபடியே, "அவர் எண்டு நினைச்சு வந்திட்டன்" என்றேன்.

"எவர்?"

"என்ரை அவர்."

அக்காவுக்கு அது விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்தினார். பிறகு என்னைக் கதிரையில் இருத்தினார். தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து, தேடிப் பிடிக்கலாம், ஆளின் பெயரைச் சொல்லுங்கள் என்றார். நான் தலையைக் குனிந்தேன்.

"பேர் சொல்ல மாட்டியளோ?" என்றார் அக்கா. "சரி, விடு. ஆள் எப்பிடி? உயரமோ?"

"ஓம்… இல்லை. இவர் அளவு வரும்."

"நிறம்?"

"பொது நிறம்."

"கண்ணாடி போடுவாரோ?"

"பேப்பர் பாக்கேக்கை போடுவார்."

"நடக்கேக்கை?"

யோசித்தேன். தெரியவில்லை. காலையில் லாஞ்சியில் போட்டிருந்தாரா? மூக்கு எப்படி? தலைமுடியை எந்தப் பக்கம் வகிடெடுப்பார்? ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அவருடைய முகம் என் மனதிலிருந்து அழிந்துகொண்டே போனது. மீசை இருப்பது மட்டும் நிச்சயம். மீசை இல்லாத ஆளை அந்தத் தெருவிலேயே நான் காணவில்லை.

"வேறை அடையாளம் ஒண்டும் இல்லையோ பிள்ளை?"

"இடியப்பத்துக்கு நிறையச் சொதி விடுவார்" என்றேன்.

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதை வைச்சு ஆளைப் பிடிக்கேலாது" என்று தம்பி மெதுவாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

அக்கா உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். எனக்கு நா வறண்டிருந்தது. எங்கள் வீட்டில் கடற்கரைச் சனத்தின் வீடுகளில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். அதை யாரும் எனக்கு வாயால் சொல்லித் தந்ததில்லை. எப்படியோ தெரிந்திருந்தது. செம்பைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்காமல் மெஷினில் போய் இருந்து நூல் கோர்த்தார். வேண்டுமென்றுதான் பார்க்காமல் இருந்தார். நான் எடுத்துக் குடித்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரைவிடச் சற்று உவர்ப்பு, அவ்வளவுதான். ஏன் குடிக்கக்கூடாது என்று அதுவரை ஒருநாளும் கேட்டதில்லையே என்று குழப்பமாக இருந்தது. இப்போது கேட்கவும் யாருமில்லை.

"என்ரை மனுசன் கப்பலிலை" என்று அக்கா தைத்தபடி சொன்னார். "போய் மாசக்கணக்கு. போன முறை வந்து இறங்கேக்கை தாடி வைச்சிருந்தார். நான் அவரைத் தாண்டிப் போய் வேறை ஆரையோ பாத்துக்கொண்டு நிக்கிறன். அவருக்குச் சரியான கோவம்."

"பிறகு?"

"பிறகென்ன, தாடியை வழிக்கச் சொன்னன். வழிச்சாப்போலையும் ரெண்டு மூண்டு நாள் புது ஆள் மாதிரித்தான் கிடந்தது."

அப்போது தூரத்தில் ஒரு ஊதல் கேட்டது. நான் துள்ளி எழுந்தேன். "லாஞ்சி!"

"இரு பிள்ளை. உது சாமான் ஏத்திற வள்ளம். ஒவ்வொரு நாளும் உந்த நேரத்துக்கு ஊதும்."

இருந்துவிட்டேன். ஆனால் அது எங்கள் லாஞ்சிதான்.

கொஞ்ச நேரத்தில் படலை திறந்தது. தம்பி ஒரு ஆளை முன்பாரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். "சந்தையடியிலை விசாரிச்சன். மனுசியைத் தேடிற ஆள் இவர்தான் எண்டு எல்லாரும் சொன்னாங்கள்" என்றார், மூச்சு வாங்க.

அந்த ஆள் சைக்கிள் நிற்குமுன் குதித்து இறங்கி ஓடிவந்தார். சாரம், பொத்தான் மாறிப் பூட்டிய சேட்டு. விறாந்தைப் படியில் என்னைக் கண்டார். முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே வடிந்துவிட்டது.

"இவ இல்லை" என்றார்.

அவருடைய மனைவி சண்டை பிடித்துக்கொண்டு காரைநகரில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாராம். இன்றைக்கு வருவா, நாளைக்கு வருவா என்று அவர் துறையடியிலும் சந்தையடியிலும் நிற்பது ஊருக்கே தெரியும். "உங்கடை மனுசி எங்கடை வீட்டிலை இருந்து அழுறா" என்று தம்பி போய்ச் சொன்னதும் நம்பிவிட்டார். என்னிடம் கோபிக்கவில்லை. "அழாதேங்கோ. உங்கடை ஆள் வருவார்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, படலையைக் கவனமாகச் சாத்திக்கொண்டு போனார். அவர் போன பிறகு எனக்கு அழுகை நின்றுவிட்டது. அவருக்காக அழ வேண்டும்போல் இருந்தது, ஆனால் வரவில்லை.

கையில் மடித்த குடை இருந்தது என்று அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது; அதைக் கேட்டுக்கொண்டு தம்பி மறுபடியும் போனார். இந்த முறை திரும்பி வந்தபோது படலைக்கு வெளியே நின்றபடியே சொன்னார்: "பாதையடியிலை கேட்டனான். குடையோடை ஒருத்தர் பாதையிலை போயிட்டாராம்."

"எந்தப் பாதையிலை?" என்று கேட்டேன்.

"பாதையிலைதான்."

"எந்தப் பக்கத்துப் பாதை?"

"இஞ்சை ஒரு பாதைதான் தங்கச்சி. அது இப்ப அந்தப் பக்கம் நிக்குது. திரும்பி வந்தாத்தான் தெரியும்."

பாதை எப்படிப் போகும்? போன பாதை எப்படித் திரும்பி வரும்? எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். காலையில் கண்ட மூன்று கரைகளும் நடுக்கடல் கோட்டையும் கண்முன் சுழன்றன. இந்த ஊரில் றோட்டுகளும் லாஞ்சிகளைப்போல ஊதிவிட்டுப் புறப்படுமாக்கும்.

என் முகத்தைக் கண்டு அக்கா இந்த முறை அடக்காமல் சிரித்தார். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றி இறக்கும் பெரிய மிதவைத் தட்டைத்தான் அங்கே பாதை என்பார்களாம். "உன்ரை ஊரிலை கடல் இல்லையாக்கும், உனக்கு எப்பிடித் தெரியும்" என்றபடி கதவைப் பூட்டினார். மூன்று பேரும் பாதையடிக்கு நடந்தோம்.

போகும் வழியிலேயே இறங்குதுறை தெரிந்தது. எங்கள் லாஞ்சி நின்ற இடத்தில் வெறும் தண்ணீர். தீவில், லாஞ்சியும் இல்லாமல், மனுசனும் இல்லாமல், நான் இனி எப்படி வீட்டுக்குப் போவேன்?

"பஸ்ஸிலை" என்றார் தம்பி.

வேலணையால், பண்ணைப் பாலத்தால், பஸ் நேரே யாழ்ப்பாணம் போகிறது. பள்ளிக்கூடத்தில் படம் கீறிப் படித்த விசயம்தான். ஆனால் கடலால் வந்து இறங்கிய இடத்தைத் தரையாலும் சேர்த்துவைக்க என் மூளையால் முடியவில்லை. அந்தப் பஸ்ஸை யாரோ அந்த நிமிசம்தான் எனக்காகக் கண்டுபிடித்ததுபோல இருந்தது.

பாதை திரும்பி வந்துகொண்டிருந்தது. சைக்கிள்களோடு ஆட்கள் நெருக்கமாக நின்றார்கள். வெள்ளைச் சேட்டுகள் பல. "பார், உன்ரை ஆள் நிக்கிறாரோ" என்றார் அக்கா. பார்த்தேன். அவர்களில் எவரும் அவராக இருக்கலாம். ஆட்கள் இறங்கி எங்களைத் தாண்டிப் போகத் தொடங்கினார்கள். இப்போது கூப்பிடாவிட்டால் முடிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. கண்ணை மூடிக்கொண்டு, "இஞ்சேருங்கோ!" என்று கத்தினேன்.

மூன்று ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்களில் ஒருவர் குடையோடு என்னை நோக்கி வந்தார். கிட்ட வந்து நின்றபோதுதான் அவர் முகத்தை முதன்முறையாக முழுதாகப் பார்த்தேன். கண்ணாடி போட்டிருந்தார். இடது புருவத்தில் சின்ன வெட்டுக்காயத் தழும்பு. வெயிலில் சிவந்து, வியர்த்து, என்னைப்போலவே பயந்துபோயிருந்தார்.

"எங்கை போனனீர்?" என்றார்.

"நீங்கள் எங்கை போனனீங்கள்?" என்றேன். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

இறங்குதுறையில் திரும்பிப் பார்த்தபோது என்னைக் காணாமல் பதறி, பச்சைச் சீலை கட்டின பெண்ணைக் கண்டீர்களா என்று எல்லோரையும் விசாரித்திருக்கிறார். பச்சைச் சீலைக்காரி பாதையில் ஏறினா என்று யாரோ சொல்ல, இவரும் ஏறி, காரைநகர்க் கரையில் அந்தப் பச்சைச் சீலையின் பின்னால் பஸ்தரிப்பு வரை ஓடி, "கொஞ்சம் நில்லும்" என்று சொல்லியிருக்கிறார். திரும்பியது ஒரு வயதான ஆசிரியை. அவ ஏசிய ஏச்சைக் கடைசிவரை எனக்கு முழுதாகச் சொல்லவில்லை.

"நான் கட்டினது நீலச் சீலை" என்றேன்.

அவர் குனிந்து என் முந்தானையைப் பார்த்தார். "இது பச்சை."

அது மயில்கழுத்து நிறம். அக்கா நீலம் என்றார், தம்பி பச்சை என்றார். அந்த வழக்கு அங்கே தீரவில்லை.

அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அக்கா சாப்பிடாமல் போகவிடவில்லை. சோறும் ஒட்டிமீன் குழம்பும் முருங்கையிலைச் சுண்டலும். என் மனுசன் என்ன செய்யப்போகிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் எந்த யோசனையும் இல்லாமல் முதலில் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். பிறகு சப்பாணி கட்டி இருந்து, குழம்பை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். சொதிக் கதையை அவர் மறக்கவில்லை.

பிறகு நாங்கள் இருவரும் ஊரைச் சுற்றிப் பார்த்தோம். இந்த முறை பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். காலையில் நிற்க ஆசைப்பட்ட வள்ளத்தடியில் நின்றோம். புது மரமும் எண்ணெயும் மணத்தன. மாதா கோயிலுக்குள் எட்டிப் பார்த்தோம். கும்பிடலாமா என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. இருவரும் பாதி கும்பிட்டோம். தண்ணீருக்குள் நின்ற கோட்டையைக் காட்டி, அதுதான் ஊர்காவற்றுறை என்று நினைத்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நானும் அதுக்குள்ளைதான் இறக்கப்போறாங்கள் எண்டு நினைச்சன்" என்றார். உண்மையாகச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

சில வருடங்களில் யுத்தத்தால் அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் ஊரை விட்டு வெளிக்கிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, அக்காவும் தம்பியும் எங்கே போனார்களோ என்று விசாரித்தோம். பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. தையல்காரி, தம்பி, மனுசன் கப்பலில் என்று சொன்னால் யார் அறிவார்கள்.

அன்று இருட்டுமுன் வீட்டுக்கு வந்துவிட்டோம். கந்தோர்க்காரர் எங்களைக் காணாமல் கொஞ்சம் தேடிவிட்டு, புதுத் தம்பதிகள் வேண்டுமென்றே நழுவிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, தண்ணீர் வற்றப் பயந்து லாஞ்சியை எடுத்தார்களாம். அதை வைத்து வருடக்கணக்காக அவரைப் பகிடி பண்ணினார்கள். ஆனால் அது பிறகு. அன்றைக்கு அம்மா விளக்கு வைத்துக்கொண்டிருந்தவ எங்களைக் கண்டு, "என்ன, நேரத்தோடை வந்திட்டியள்? நெடுந்தீவிலை குதிரையள் பாத்தனீங்களோ?" என்று கேட்டா.

நடந்ததைச் சொன்னால் அம்மா என்னை விடமாட்டா. பக்கத்தில் நின்றவர் செருப்பைக் கழற்றியபடி, "ஓம் மாமி, நல்ல குதிரையள். ஒரு வெள்ளைக் குட்டி இவவின்ரை கையிலையிருந்து புல்லு வாங்கித் திண்டது" என்றார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அம்மா வியந்து என்னைத் திரும்பிப் பார்த்தா.

இவர் எப்படிப்பட்ட மனிதர் என்று எனக்கு மறுபடியும் ஒன்றும் விளங்காமல் போயிற்று.

"ஓம் அம்மா" என்றேன். "சரியான வடிவு."